வரையாட்டுக்கு 25 கோடி எதுக்காக்கும்?



நம் மாநில விலங்கு வரையாடு. 'வரை' என்றால் மலை. செங்குத்தான பாறையிலும் வழுக்காமல் ஏறும். உலகத்திலேயே தமிழ்நாடு, கேரளா மலைகளில் மட்டும்தான் இது காட்டில் வாழுது. அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

2022 டிசம்பரில் தமிழக அரசு 'நீலகிரி வரையாடு திட்டம்' அறிவித்தது. 5 வருஷத்துக்கு 25.14 கோடி ரூபாய். "ஒரு ஆட்டுக்கு இவ்வளவு பணமா?" என்று கேட்கத் தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 2011-இல் நம் மாநில மக்கள்தொகை சுமார் 7.21 கோடி. வகுத்தால் ஆளுக்கு மூன்றரை ரூபாய்தான்!

அந்தப் பணத்தில் செய்யும் வேலைகள்:

1. ஆடுகளைக் கணக்கெடுப்பது. 2024-இல் தமிழ்நாட்டில் 1,031, 2025-இல் 1,303.
2. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, போற வழியைக் கவனிப்பது.
3. நோய் வந்தால் கண்டுபிடித்து சிகிச்சை கொடுப்பது.
4. வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் போன்ற மரங்களை அகற்றி, புல்வெளியை மீட்பது.

நாலாவதுதான் முக்கியம். புல் இல்லேன்னா ஆடு இல்லை. அதோட, மலைப் புல்வெளி மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். நம்ம கோதையாறும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் பிறக்குது. அந்தத் தண்ணிதான் பேச்சிப்பாறை அணை வழியா நாஞ்சில் நாட்டு வயலுக்கு வருது.

ஆகவே அது ஆட்டுக்கு மட்டும் செலவழிக்கும் பணம் இல்லை. நம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான்!

அக்டோபர் 7 வரையாடு தினம். மறக்காதீங்க!

வரையாட்டைக் காப்போம்! மலையைக் காப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி