"மதர்போர்டு போய்விட்டது" என்கிறார்களா? முதலில் வெப்பத்தை அளந்து பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் கோடையில் வரும் பிரச்னை ஒன்று உண்டு. காலையில் நன்றாக இயங்கும் கம்ப்யூட்டர், மதியத்தில் மந்தமாகும். பின்னர் தானாகவே ஆப் ஆகிவிடும். வைரஸாக இருக்குமோ, பார்ட்ஸ் ஏதும் போய்விட்டதோ என்று பயம் வந்துவிடுகிறது. கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டும் புரோகிராம்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கு பார்க்கலாம்.

எங்கள் தெருவில் நடந்தது

மறைமலை நகரில் எங்கள் தெருவில் வசிக்கும் அண்ணன் ஒருவர், தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகளின் பிளஸ் 2 படிப்பிற்காக, ஆபீஸில் பயன்படுத்திய பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, பைக்கில் பின்னால் வைத்துக் கட்டி ஜி.எஸ்.டி. சாலை வழியாகக் கொண்டு வந்தார். இரண்டே வாரத்தில் மேலே சொன்ன பிரச்னை தொடங்கியது. ஒரு கடையில் காட்டியபோது, "மதர்போர்டு மாற்றணும், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கீங்க, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "அண்ணே, நான் சாப்ட்வேர்காரன், ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறவன் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வெப்பத்தை அளக்கும் புரோகிராமை இயக்கியதும், ஐந்து நிமிடத்தில் பிராசசரின் வெப்பம் 99 டிகிரி காட்டியது. பெட்டியைத் திறந்தால், பிராசசர் மீது உள்ள கூலரின் நான்கு பின்களில் ஒன்று கழன்று, கூலர் ஒரு பக்கம் தூக்கிக் கொண்டிருந்தது. பைக் பயணத்தில் நேர்ந்திருக்கலாம். தெரிந்த டெக்னீசியன் ஒருவரை அழைத்து, தூசியைத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்ட் தடவி, கூலரை மீண்டும் பொருத்தினோம். அதே வேலைக்கு வெப்பம் 74 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு, பேஸ்ட்டுக்கும் டெக்னீசியனுக்கும் சேர்த்து 400 ரூபாய்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கையிலும் எந்த அளவும் இல்லை. பார்த்த அறிகுறியை வைத்து ஊகித்தார். நம்மிடம் எண்கள் இருந்தால் அந்த ஊகத்திற்கு இடம் குறையும்.

எந்த புரோகிராம் தேவை?

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சிபியுஐடி நிறுவனம் தரும் எச்டபிள்யூ மானிட்டர், சிபியு-இசட் ஆகிய இரண்டும் போதும். முதலாவது வெப்பம், மின் அழுத்தம், மின்விசிறியின் வேகம் ஆகியவற்றைக் காட்டும். இரண்டாவது, உள்ளே இருக்கும் பிராசசர், மதர்போர்டு, மெமரி ஆகியவை என்ன மாடல் என்று சொல்லும். ஹார்ட் டிஸ்க் மற்றும் எஸ்.எஸ்.டி.யின் உடல்நிலையை அறிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராம் உள்ளது.

ஓர் எச்சரிக்கை. இவற்றை இணையத்தில் தேடும்போது முதலில் தெரியும் விளம்பரத்தைக் கிளிக் செய்திட வேண்டாம். 2023 நவம்பரில், சிபியு-இசட் பெயரில் கூகுள் விளம்பரம் கொடுத்து, பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமைப் பரப்பியதை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் கண்டறிந்தது. தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும்.

எப்படி அளப்பது?

1. கம்ப்யூட்டரை ஆன் செய்து பத்து நிமிடம் எந்த வேலையும் கொடுக்காமல் விடவும். பின் எச்டபிள்யூ மானிட்டரைத் திறக்கவும். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது இப்போதைய அளவு. அடுத்தது குறைந்த அளவு. கடைசியில் உள்ளது அதிகபட்ச அளவு. பிராசசரின் பெயருக்குக் கீழே உள்ள வெப்ப அளவுகளைக் குறித்துக் கொள்ளவும்.

2. இப்போது சிபியு-இசட் திறந்து, பெஞ்ச் என்ற டேப்பில் ஸ்ட்ரெஸ் சிபியு என்ற பட்டனை அழுத்தவும். பிராசசர் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அருகிலேயே இருந்து எச்டபிள்யூ மானிட்டரைக் கவனிக்கவும். 95 டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடவும்.

3. அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதி வைக்கவும். இது மிக முக்கியம். காற்றால் குளிர்விக்கப்படும் பிராசசர், அறையை விடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அறையில் 10 டிகிரி ஏறினால் பிராசசரிலும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். மார்கழியில் 65 காட்டிய கம்ப்யூட்டர் அக்னி நட்சத்திரத்தில் 77 காட்டினால் அது பழுது அல்ல.

எண்களுக்கு என்ன பொருள்?

டெஸ்க்டாப்பில் வேலை இல்லாதபோது 35 முதல் 55 டிகிரி வரையிலும், முழு வேலையில் 85 டிகிரிக்குள்ளும் இருந்தால் கவலை வேண்டாம். லேப்டாப்புகள் இதைவிடச் சூடாக இயங்குவது இயல்பு. இன்டெல் பிராசசர்கள் பலவற்றிற்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொடும்போது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. நாம் காணும் மந்தம் இதுதான். அதையும் மீறி ஏறினால் கம்ப்யூட்டர் தானே ஆப் ஆகும்.

பட்டியலில் ஏதாவது ஒரு வரியில் 127 டிகிரி என்றோ, பூஜ்யத்திற்குக் கீழேயோ காட்டினால் பதற வேண்டாம். மதர்போர்டு சிப்பில், எதனுடனும் இணைக்கப்படாத சென்சார் முனையைப் புரோகிராம் படிக்கிறது என்று பொருள். அதே போல, 12 வோல்ட் வரியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். அதற்கு வெளியே காட்டினாலும், மல்டி மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் பவர் சப்ளையை மாற்ற வேண்டாம். மின் அழுத்தத்தைப் புரோகிராம்கள் தவறாகப் படிப்பது உண்டு.

வெப்பம் சரியாகவே இருந்தும் கம்ப்யூட்டர் ஆப் ஆகிறதா? அப்படியானால் பவர் சப்ளை, யு.பி.எஸ்., வீட்டு மின் இணைப்பு ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்பவும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கலாம். அது கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் பைல்களை வேறு டிஸ்க்கிற்கு காப்பி செய்திடவும். மதர்போர்டை மாற்றலாம், அழிந்த போட்டோக்கள் திரும்பி வராது.

பெஞ்ச்மார்க் மதிப்பெண்கள்

பெஞ்ச்மார்க் என்பது கம்ப்யூட்டருக்கு வைக்கும் பரீட்சை. சிபியு-இசட்டின் அதே பெஞ்ச் டேப்பில் பெஞ்ச் சிபியு பட்டனை அழுத்தினால் மதிப்பெண் கிடைக்கும். இதை அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டருடன் ஒப்பிட்டு வருந்துவதில் பயன் இல்லை. விளம்பரங்களில் வரும் மதிப்பெண்களையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2003 மே மாதத்தில், 3டி மார்க் 03 சோதனையை மட்டும் அடையாளம் கண்டு மதிப்பெண்ணை உயர்த்தும்படி என்விடியாவின் டிரைவர் இருந்ததாக, அதைத் தயாரித்த பியூச்சர்மார்க் நிறுவனம் அறிவித்தது. சோதனையைத் திருத்தி வைத்தபோது மதிப்பெண் சுமார் 24 சதவீதம் சரிந்தது. அடுத்த மாதமே, அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது என இரு நிறுவனங்களும் சேர்ந்து அறிக்கை விட்டது தனிக் கதை.

உங்களுக்கு உதவும் ஒப்பீடு, உங்கள் கம்ப்யூட்டரை அதனுடனேயே ஒப்பிடுவதுதான். வாங்கிய வாரத்திலேயே ஒரு முறை பெஞ்ச்மார்க் செய்து, மதிப்பெண், வெப்பம், தேதி மூன்றையும் எழுதி வைக்கவும். ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும். மதிப்பெண் குறைந்து வெப்பம் ஏறியிருந்தால், பெரும்பாலும் தூசிதான் காரணம். லேப்டாப் என்றால் இரண்டு முறையும் சார்ஜர் இணைப்பில் இருக்க வேண்டும்.

உதவி கேட்கும்போது

கடைக்காரரிடமோ, நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவிலோ "கம்ப்யூட்டர் ஆப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர்களாலும் ஊகிக்கத்தான் முடியும். கீழ்க்கண்டவற்றைத் தயாராக வைத்திருக்கவும்:

* எச்டபிள்யூ மானிட்டரில் பைல் மெனு சென்று சேவ் மானிட்டரிங் டேட்டா கொடுத்துப் பெற்ற பைல்.
* சிபியு-இசட்டில் டூல்ஸ் பட்டன் வழியாகச் சேமித்த டெக்ஸ்ட் ரிப்போர்ட்.
* ஆன் செய்து எத்தனை நிமிடத்தில், என்ன வேலை செய்யும்போது பிரச்னை வருகிறது என்ற குறிப்பு.
* அறையின் வெப்பம், விண்டோஸ் பதிப்பு, கடைசியாகச் செய்த மாற்றம்.

பொதுவான இடங்களில் ரிப்போர்ட்டைக் காட்டும்போது சீரியல் நம்பர்களை நீக்கிவிடவும். கம்ப்யூட்டர் வாரன்டியில் இருந்தால் நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ரிப்போர்ட்டுடன் சர்வீஸ் சென்டருக்குச் செல்லவும்.

அண்ணனின் மகள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒரு முறை வெப்பத்தை எழுதி வைக்கிறாள். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வரியை எழுதிவிடுங்கள். பழுது வந்த பிறகு அளப்பதைவிட, நன்றாக இருக்கும்போது அளந்து வைத்த எண்தான் பின்னாளில் கை கொடுக்கும்.