கொல்லிமலையில் இரு கல்லறைகள்

பரமத்தி வேலூரிலிருந்து வருகிறேன் என்றதும், வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, "உங்கள் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதே. காவிரிப் பாலம் இருக்கிறது, வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது, வெல்ல மண்டி இருக்கிறது என்பேன். சிரிப்பார்கள். சென்ற ஆண்டு வரை நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

ஐரோப்பாவின் வடபகுதியில் எஸ்தோனியா என்றொரு சிறிய நாடு உள்ளது. அந்நாட்டின் சாரேமா, முஹு என்னும் தீவுகளில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கல் தேவாலயங்கள் வயல்வெளிகளுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே மக்கள் பயணம் செல்கின்றனர் என்று நூலகத்தில் ஓர் இதழில் படித்தேன். நம் நாட்டுப்புறத்தில் அப்படி ஏதேனும் உண்டா என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அருகிலுள்ள பெரிய ஆலயங்களைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் உள்ள கிறிஸ்து நாதர் ஆலயம் 1875ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அமைத்த சிஷோம் என்னும் கட்டடக் கலைஞரே இதற்கும் திட்டம் வரைந்தவர். ஈரோட்டில் 1933இல் எழுந்த பிரப் நினைவு ஆலயம், நம் கோயிற் கலையும் பிற கலைகளும் கலந்த அழகிய கட்டடம். இவ்விரண்டும் நகரத்தில், சாலையோரத்தில் இருப்பவை. யாரும் சொல்லாமலே கண்ணிற் படும். நான் சொல்ல வந்தது யாரேனும் சொன்னாலன்றித் தெரியாத ஓரிடத்தைப் பற்றி.

வழி மிக எளிது. வேலூரில் பேருந்தேறி, பரமத்தி வழியாக நாமக்கல்லை அடைய வேண்டும். ஒரே பாறையாலான மலையையும், அதன்மேற் கோட்டையையும், கீழே கூரையின்றி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரையும் அறியாதார் இலர். ஆனால் மலையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் அமைத்த இரு குடைவரைகளில், அரங்கநாதர் பள்ளிகொண்ட குடைவரைக்கு 'அதியேந்திர விஷ்ணு கிருகம்' என்று பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கணித மேதை இராமானுஜன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் இவ்வூருக்கு வந்து நாமகிரித் தாயாரை வணங்கிச் சென்றார் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைப் பேருந்து சேந்தமங்கலம் வழியாகச் செல்லும். 1606இல் மதுரைக்கு வந்து, துறவிக்கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்ற இத்தாலியரான தத்துவ போதகர், 1623இல் இவ்வூருக்கு வந்துள்ளார். அப்போது இங்கு ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தபோது, நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் காவியுடுத்து நின்ற அவ்வெளிநாட்டாரை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

காரவள்ளியில் மலையேற்றம் தொடங்குகிறது. கொண்டையூசி வளைவுகள் 70. முன்னால் அமர்ந்த அம்மாள் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். முப்பதாவது வளைவில் நானும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே இறங்கி, வாழவந்தி நாட்டுக்கு வழி கேட்டேன். 'நாடு' என்பது இங்கே ஊர்த்தொகுதி. கொல்லிமலையில் இத்தகைய நாடுகள் பதினான்கு.

ஓங்கிய கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். மலைமக்களின் சிறிய ஆலயமும், அருகருகே இரண்டு கல்லறைகளுமே அங்குள்ளவை. ஒன்று ஜெசி பிராண்ட் என்பவருடையது. மற்றொன்று அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட் அம்மையாருடையது. முதலாமவர் மறைந்தது 1929இல். இரண்டாமவர் மறைந்தது 1974இல். இடையில் 45 ஆண்டுகள்.

ஜெசி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் செய்தவர். ஓராண்டு மட்டும் வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவம் பயின்று, ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் சேலம் மாவட்டத்துக்கு வந்தார். 1913இல் இருவரும் மணம் புரிந்து மலையேறினர். அன்று சாலை ஏது? நடக்க வேண்டும்; அல்லது டோலியிற் செல்ல வேண்டும். காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய மலை அது. அவர்கள் தாமே எழுப்பிய மரவீட்டைக் கால்களின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலின் உச்சியிலும் வாணலியைக் கவிழ்த்தாற்போல் ஓர் இரும்புத் தட்டைப் பொருத்தினார்களாம். கறையான் ஏறாமலிருக்க அவ்வளவு எளிய வழி!

விலங்கியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது நரம்புச் சிலந்திப் புழுவை அவர் எதிர்த்த முறை. ஒரு மீட்டர் வரை வளரும் அப்புழு மனிதனின் காலில் தோலுக்கடியில் வாழ்ந்து, நீரிற் கால் வைக்கும்போது தோலைத் துளைத்துக் குஞ்சுகளை வெளிவிடும். சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிர் அவற்றை விழுங்க, அந்நீரைக் குடிப்பவனுக்குள் அவை மீண்டும் புகும். இவ்வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்குகிறோம் நாம். பிராண்ட், புழுவை அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றி எடுத்தார். அத்தோடு நில்லாமல், மக்கள் காலை நனைத்து நீரெடுக்க முடியாதபடி சுற்றுச்சுவர் கொண்ட கிணறுகளை அமைக்க வைத்தார். கண்ணி ஒன்றை அறுத்தால் சுழற்சி நிற்கும் அன்றோ? இந்தியா இப்புழுவிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

கடுமையான மலேரியாவின் விளைவாகச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல் கண்டு, தம் 44ஆம் வயதில் ஜெசி பிராண்ட் இறந்தார். அப்போது அவர் மகன் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தான். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. தந்தை உயிரோடிருந்தபோது கப்பலில் அனுப்பிய கடிதங்களோ, அதன்பின் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதிய கடிதங்கள்.

ஈவ்லின் அம்மையார் மலையை விடவில்லை. ஓய்வுக்குரிய வயதில் மிஷன் அவரை விடுவித்ததும், தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் கொல்லிமலை ஏறினார்; பிற மலைகளுக்கும் சென்றார். இடுப்பெலும்பு முறிந்தபின் இரு மூங்கிற்கழிகளை ஊன்றியும், மட்டக்குதிரையில் அமர்ந்தும் ஊர் ஊராகப் போனார். கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 95 வயதில் இறந்தபோது கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தனர்.

அந்த மகனைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன். இராமானுஜன் கப்பலேறிய அதே 1914இல் பிறந்த அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். (நம் வேலூர் அன்று, அது பாலாற்று வேலூர். இக்குழப்பத்தால் எங்கள் ஊர்க் கடிதங்கள் அங்கே போய்த் திரும்புவதுண்டு.) தொழுநோயில் விரல்கள் ஏன் குறைகின்றன என்று அவர் ஆராய்ந்தார். நோய் சதையை அழுக வைக்கிறது என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். ஒருநாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயுற்ற ஒரு சிறுவன் ஓடிவந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவு அறுந்து இரத்தம் சொட்டியது. அவனுக்கோ அது தெரியவே இல்லை.

நோய்க்கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. வலி இல்லாததால் கை சுடுகிறது, அறுகிறது, புண்ணாகிறது. புண்ணோடேயே வேலை செய்கிறது. உறங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. ஆக, விரலைக் கொண்டுபோவது வலியின்மையே. இதை அறிந்தபின் அவர், முன்கையின் நல்ல தசைநாணை எடுத்து, மடங்கிப்போன விரல்களோடு இணைத்து மீண்டும் நிமிர்த்தும் அறுவை முறையை வளர்த்தார்.

இதை நான் ஆங்கில நூலொன்றில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஐந்து பக்கம் படிக்க ஒரு மாலை ஆகும். எலியைப் பற்றிய பத்தியை முடித்தபின் மேலே படிக்க முடியவில்லை.

என் அப்பாருக்கு ஒரு தம்பி இருந்தார். இளமையில் அவர் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் வேலைக்குப் போனவர். ஆறாத பாகை வெறுங்கையால் வழித்து உருட்டுவாராம். 'சூடு தாங்குற கை' என்று ஆலைக்காரர்கள் மெச்சி, தேடி வந்து அழைத்துப் போவார்களாம். பின்னால் விரல்கள் குறைந்தன. கொடிக்கால் ஓரத்தில் தனிக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கித் தின்று நோய் நீங்கிவிட்டது என்று சொன்ன பின்னும் குடிசை குடிசையாகவே இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது, அலுமினியத் தட்டில் சோற்றை வைத்து, வாசலில் தள்ளிவிட்டு ஓடிவருவது என் வேலை. "கிட்டப் போகாதே, உனக்கும் அழுகிவிடும்" என்பார்கள். நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் அவர் இறந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை.

1981இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு முதல் பன்னிரண்டு மாதம் உண்டால் தொழுநோய் முற்றும் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றலும் போய்விடுகிறது. ஆகவே நான் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிய அத்தனை நாளும், அவரிடம் ஓடுவதற்குரிய எதுவும் இல்லை. மெச்சினார்களே அந்தச் சூடு தாங்கும் கை, அதுதான் நோயின் முதல் அடையாளம். ஆலையில் ஒருவருக்கேனும் அது தெரிந்திருந்தால்!

மலையிலிருந்து திரும்பிய இரவு, அப்பாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் கூட வரைந்து காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப அழுகலையா சாமி?" என்று கேட்டார். "இல்லை அப்பாயி, சுட்டதும் எலி கடிச்சதுந்தான்" என்றேன். "ராத்திரி எலி சத்தம் கேக்கும். பூனை ஒண்ணு விட்டிருக்கலாம்" என்றார். பால் பிராண்ட் தம் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைத்தான் கொடுத்தனுப்பினார் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நண்பர்கள் போவதானால் காலைப் பேருந்தே நல்லது. மாலையில் மூடுபனி இறங்கிவிடும். பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் அதே நாளிற் பார்த்துவிடலாம். அருவிக்கு இறங்கும் படிகள் மட்டும் முழங்காலைச் சோதிக்கும். அந்த இரு கல்லறைகளையும் தாமும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார் அப்பாயி. எழுபது வளைவு என்றதும் தலை சுற்றுமே என்று தயங்குகிறார். தேர்வு முடிந்ததும் எலுமிச்சம்பழத்தோடு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.