மைனருக்கு ஒரு நியாயம், மாதவிக்கு ஒரு நியாயம்



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னப் பயிற்சியோட ஆரம்பிப்போம். ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போட்டுக்கோங்க. இடது பக்கம், பல பேரோடு உறவு வைத்திருக்கும் ஆணைக் குறிக்க நாம பேச்சுல பயன்படுத்துற சொற்களை எழுதுங்க. வலது பக்கம், அதே மாதிரி இருக்கும் பெண்ணைக் குறிக்கும் சொற்கள்.

இடது பக்கம் என்ன வரும்? மைனர், மன்மதன், ரோமியோ, பிளேபாய், "மச்சக்காரன்". பாதி கிண்டல், பாதி பொறாமை. ஸ்திரீலோலன், பெண்பித்தன் மாதிரி கண்டிக்கும் சொற்களும் இருக்கு. ஆனா கடைசியா யார் வாயிலிருந்து அதைக் கேட்டீங்க? வலது பக்கத்தை இங்கே அச்சிட வேண்டாம். உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றுகூடப் பாராட்டு கிடையாது. பாதிச் சொற்கள் இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெண்களைத் திட்டவும் பயன்படுகின்றன. நைட் ஷோ போய்ட்டு வந்தாலே போதும்.

செயல் ஒன்று. ஆனால் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து பெயர் மாறுகிறது. இந்த இரட்டை அளவுகோல் எங்கிருந்து வந்தது, கதைகளும் சினிமாவும் அதை எப்படி வளர்த்தன, எங்கே எதிர்த்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

பரத்தைக்கு ஆண்பால் இருந்தது

சங்க இலக்கியத்தில் மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். ஊடல் எதனால் என்று வாத்தியார் சீக்கிரமா கடந்து போயிருப்பார். பெரும்பாலும் தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வந்திருப்பான், அதனால்தான். இதற்கு இலக்கணத்தில் தனிப் பெயரே உண்டு: பரத்தையிற் பிரிவு. போருக்குப் போவது, பொருள் தேடப் போவது போல இதுவும் ஒரு வகைப் பிரிவு. பெண் இப்படிப் பிரிந்து போவதற்கு இலக்கணத்தில் இடமே இல்லை. அவளுக்குத் தொல்காப்பியம் வகுத்த வரிசை வேறு: உயிரைவிட நாணம் பெரிது, நாணத்தைவிடக் கற்பு பெரிது.

ஆனால் சங்கக் கவிதையில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பரத்தைக்கும் வாய் உண்டு. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு ஆலங்குடி வங்கனார் எழுதியது. அதில் பேசுபவள் பரத்தைதான். எங்களிடம் வந்தால் வீராப்பாகப் பேசுகிறான். வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி மனைவி கையைத் தூக்கினால் இவனும் தூக்குகிறான் என்று அவள் தலைவனைக் கலாய்க்கிறாள். ரெண்டு பெண்களுக்கு நடுவில் கேலிக்கு ஆளாவது அந்த ஆண்தான்.

திருக்குறளில் ஊடலைச் சொல்லும் புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் தலைவி தன் கணவனையே "பரத்தன்" என்று கூப்பிடுகிறாள். அதாவது பரத்தை என்பதற்கு ஆண்பால் சொல் இருந்திருக்கிறது! இன்று பரத்தை என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். பரத்தன் எங்கே போனான்? அவனுக்குப் பதிலாக மைனர் வந்துவிட்டான்.

வள்ளுவரிடமே இன்னொரு சொல்லையும் கவனிங்க: பேராண்மை. பிறன் மனைவியை நாடாத குணத்துக்குத்தான் அவர் அந்தப் பெயரைக் கொடுக்கிறார். எத்தனை பேரை வளைத்தான் என்பது ஆண்மைக்கு அளவு இல்லை, எங்கே தன்னைக் கட்டுப்படுத்தினான் என்பதுதான் அளவு என்கிறார். ஆனா ஒன்று: இதில்கூடப் பேச்சு "பிறன் மனை" பற்றித்தான். பெண் இன்னொருவனுக்கு உரியவள் என்ற பார்வையிலிருந்து அந்த அதிகாரம் முழுசா வெளியே வரவில்லை.

மாதவி செய்த தப்பு என்ன?

சிலப்பதிகாரக் கதை தெரியாதவர் இல்லை. ஆனா யாரிடமாவது மாதவி பற்றிக் கேட்டுப் பாருங்க. "கோவலனை மயக்கியவள்" என்பார்கள். நூலில் என்ன இருக்கிறது?

மாதவி 12 வயதில் அரங்கேறுகிறாள். அரசன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன் பெறுமான மாலையும் தருகிறான். அந்த மாலையை வாங்குபவன் மாதவியை அடையலாம் என்று ஒரு கூனி நகரத் தெருவில் விலை கூறுகிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளை கோவலன் வாங்குகிறான். யார் யாரை மயக்கியது? இது கொடுக்கல் வாங்கல். அதில் அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் மாதவி வாழ்ந்தது ஒரே ஒருவனோடு. கடற்கரையில் அவள் பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று சந்தேகப்பட்டு விட்டுப் போனது கோவலன். அவன் இறந்த செய்தி கேட்டு அவள் துறவியாகிறாள். மகள் மணிமேகலையையும் அந்தத் தொழிலுக்குள் விடாமல் பௌத்த அறத்தின் வழியில் அனுப்புகிறாள். எண்ணிக்கை பார்த்தால் இந்தக் கதையில் ரெண்டு பேரோடு வாழ்ந்தவன் கோவலன் மட்டும்தான்!

இளங்கோ இதைத் தெரியாமல் எழுதவில்லை. மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் கடிதத்தைப் படித்த கோவலன், குற்றம் அவளுடையது அல்ல, என்னுடையது என்று உணர்வதாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இடத்தை ஊர் மறந்துவிட்டது. காப்பியம் சொன்னதைவிட ஊர் சொன்ன கதைதான் நிலைத்தது.

"கெடுத்துட்டான்" என்ற வினைச்சொல்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். நம் பழைய சினிமா வசனங்களில் ஒன்று: "அவளைக் கெடுத்துட்டான்." நடந்தது பாலியல் வன்முறை. ஆனால் வாக்கியத்தின்படி கெட்டுப்போன பொருள் எது? அவள். பால் கெட்டுப்போன மாதிரி. குற்றம் செய்தவன் கெடவில்லை. குற்றத்துக்கு ஆளானவள் "கெட்டுப்போனவள்" ஆகிவிடுகிறாள். விரும்பிப் போனவளுக்கும் இதே பெயர், ஏமாந்தவளுக்கும் இதே பெயர், வலுக்கட்டாயத்துக்கு ஆளானவளுக்கும் இதே பெயர்.

இதை நேருக்கு நேர் எதிர்த்த கதைகள் தமிழில் இருக்கின்றன. புதுமைப்பித்தனின் "பொன்னகரம்" (1934) படுத்திருக்கும் கணவனுக்காகத் தன்னை விற்கும் ஓர் ஏழைப் பெண்ணைக் காட்டி, கற்பு கற்பு என்று பேசுபவர்களைக் கேலி செய்தது. அவருடைய "சாபவிமோசனம்" (1943) அகலிகையை எடுத்துக்கொண்டது. தன்னை மன்னித்து எழுப்பிய இராமன், சீதையை மட்டும் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும், அந்த அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ஒரே ஆளிடம் ரெண்டு அளவுகோல் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஜெயகாந்தனின் "அக்னிப் பிரவேசம்" 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. நம்ம வயசுக் கல்லூரி மாணவி. மழையில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவன் அவளைத் தன் இச்சைக்கு ஆளாக்குகிறான். வீட்டுக்கு வந்து அழும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சரி, அம்மா அப்படி நடந்துகொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலாக எழுதினார். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்காவின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு நாளைச் சுற்றியே சுழல்கிறது. அந்தக் கார்க்காரனோ கல்யாணம், குழந்தைகள் என்று சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். 1972இல் நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 1977இல் படமானது.

ஆணுக்கு காமெடி, பெண்ணுக்கு டிராஜெடி

வெகுஜன சினிமாவில் ஒரு எழுதாத விதி உண்டு. கணவன் தவறினால் அது பெரும்பாலும் நகைச்சுவைப் படம்: "சின்ன வீடு" (1985), "ரெட்டைவால் குருவி" (1987), "சதி லீலாவதி" (1995). ஒளிவது, மாட்டுவது, மன்னிப்புக் கேட்பது. மனைவி தவறினால் அந்தப் படம் காமெடியாக இருக்குமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க. சாவு, பைத்தியம், இல்லாவிட்டால் கொலை.

கே. பாலசந்தரின் "சிந்து பைரவி" (1985) இதைவிட நுணுக்கமானது. சிந்து அறிவாளி, கலை தெரிந்தவள், நமக்கு அவளைப் பிடிக்கும். இருந்தாலும் முடிவில் ஆண் தன் மனைவிக்கும் இசைக்கும் திரும்புகிறான். சிந்து தன் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு விலகிப் போகிறாள். மூணு பேர் கணக்கில் எல்லாவற்றையும் இழப்பது ஒருத்தி.

"புதிய பாதை" (1989) படத்தில் தன்னைப் பலாத்காரம் செய்த ரவுடியையே கதாநாயகி மணந்து திருத்துகிறாள். அந்தப் படத்துக்கு தேசிய விருதும் கிடைத்தது. "மன்மதன்" (2004) படத்தில், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று தான் முடிவு செய்யும் பெண்களைக் கதாநாயகன் கொல்கிறான். படம் அவன் பக்கம் நம் அனுதாபத்தை இழுக்கிறது. ஆணின் குற்றம் திருந்துவதற்கான முதல் படி, பெண்ணின் "குற்றம்" முற்றுப்புள்ளி. இதுதான் அந்த விதி.

விதியை மீறிய படங்களும் உண்டு. ருத்ரய்யாவின் "அவள் அப்படித்தான்" (1978) தலைப்பையே ஊர்ப்பேச்சிலிருந்து எடுத்தது. மஞ்சுவின் கடந்த காலத்தை வைத்து எல்லாரும் அவளைத் தீர்ப்பு சொல்ல, படம் தீர்ப்பு சொல்பவர்களையே உற்றுப் பார்க்கிறது. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் நல்லவன்கூடக் கடைசியில் அவளை ஏற்கத் தயங்குகிறான். "சூப்பர் டீலக்ஸ்" (2019) படத்தில் வேம்பு கணவனுக்குத் தெரியாமல் பழைய காதலனோடு இருந்தவள். நம் சினிமா வழக்கப்படி அவள் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசும்படி கதை அமைகிறது.

கதை சட்டமானால்

"சினிமாதானே பாஸ், எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். கதையின் பின்னால் இருக்கும் அதே எண்ணம் சட்டத்திலும் இருந்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவன் சம்மதம் இல்லாமல் உறவு கொள்ளும் ஆணைத் தண்டித்தது. யாருடைய சம்மதம்? கணவனுடைய சம்மதம்! கணவன் ஒப்புக்கொண்டால் குற்றமே இல்லை. அந்த ஆணின் மனைவி பாதிக்கப்பட்டாலும் அவளால் புகார் கொடுக்க முடியாது. பெண்ணைத் தண்டிக்கவில்லையே, சலுகைதானே என்று சிலர் சொன்னார்கள். பொருளுக்குத் தண்டனை கிடையாது, திருடியவனுக்குத்தான் என்பது சலுகை ஆகுமா? 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவை ரத்து செய்தது. மாலையை ஏலம் விட்ட தெருவிலிருந்து அங்கே வந்து சேர எவ்வளவு காலம் பாருங்க.

அப்போ நாம என்ன செய்யலாம்?

எல்லாரும் எப்படி வேணும்னாலும் இருக்கலாம் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. துணையை ஏமாற்றுவது வலிக்கும். யார் செய்தாலும் வலிக்கும். அதனால்தான் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். அடுத்த முறை ஒரு படமோ வெப் சீரிஸோ பார்க்கும்போது இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

1. பாத்திரங்களை இடம் மாற்றினால் கதை நிற்குமா? அவன் செய்ததை அவள் செய்திருந்தால் நாம் இதே இடத்தில் சிரித்திருப்போமா?

2. சம்மதம், ஏமாற்று, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கதை தனித்தனியாகப் பார்க்கிறதா? இல்லை எல்லாவற்றையும் "கெட்டுப்போனவள்" என்ற ஒரே சாக்கில் கட்டுகிறதா?

3. முடிவில் யார் எதை இழக்கிறார்கள்? யாருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது?

இந்தக் கேள்விகள் திரைக்கு மட்டும் இல்லை. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றும்போதும் கேளுங்க. ஒரு ஜோடி பிரிந்ததும் பையனுக்குக் கிடைப்பது "மச்சி, கெத்து". பொண்ணுக்குக் கிடைப்பது ஒரு பட்டப்பெயர். அது லேபுக்கும் பஸ்ஸுக்கும் பிளேஸ்மென்ட் ஹாலுக்கும் அவள் கூடவே வரும். விஷயம் வீட்டுக்குப் போனால் படிப்பு நிற்கப்போவது பெரும்பாலும் யாருடையது என்று நமக்குத் தெரியும். இந்த இடத்தில் கதை எழுதுவது இளங்கோவும் இல்லை, கோடம்பாக்கமும் இல்லை. ஃபார்வேர்ட் பட்டனை அழுத்துகிற நாமதான்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். ஆரம்பத்தில் எழுதின அந்தப் பேப்பரை உங்க நண்பர்கள் ஐந்து பேரிடம் காட்டுங்க. வலது பக்கத்துச் சொற்களில் போன வாரம் எதையெல்லாம், யாரைப் பற்றிச் சொன்னோம் என்று நேர்மையாகப் பேசுங்க. பேசி முடித்தபின் உங்களுக்குத் தோன்றியதை எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் சந்திப்போம்.