மாத்திரையில் தீராத இரத்தசோகை



இரத்தசோகை என்றதும் நாம், "கீரை சாப்பிடு, சத்து மாத்திரை போடு" என்போம். ஆனால் அதற்கெல்லாம் தீராத ஒரு இரத்தசோகை உண்டு. அதுதான் அரிவாள் செல் இரத்தசோகை. ஆஸ்பத்திரியில் 'சிக்கிள் செல்' என்பார்கள். நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் இதை 1952-லேயே கண்டறிந்தார்கள்.

நோய் என்ன?

இரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, மெத்தென்று இருக்கும். இந்நோயில் அவை கதிர் அரிவாள்போல் வளைந்து விறைத்து, சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும். 120 நாள் இருக்கவேண்டிய அணு, 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். அதனால் கைகால் வீக்கம், தாங்கமுடியாத வலி, சோர்வு, மஞ்சள் கண், அடிக்கடி காய்ச்சல் வரும்.

யாரால் வருகிறது?

இது தொற்றுநோய் அல்ல, சாபமும் அல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பிள்ளை நோயைச் சுமப்பவர். பெரும்பாலும் நல்ல சுகமாகவே இருப்பார். கணவன், மனைவி இருவரும் சுமப்பவர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

பிள்ளை நோஞ்சானா பொறந்தா மருமகளைத்தானே ஏசுறோம்? இனி அப்படி ஏசலாமா?

என்ன செய்யலாம்?

* கல்யாணத்துக்கு முன் பெண், மாப்பிள்ளை இருவரும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். ஜாதகம் பார்க்கிற நாம் இதையும் பார்ப்போம்.
* இந்நோயை ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலை 1-ல் தேசிய இயக்கம் தொடங்கியது. 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்வது அதன் நோக்கம். கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள்.
* நோயுள்ள பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். குளிர் படாமல் பாருங்கள். தடுப்பூசி தவறவேண்டாம்.
* காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வருவதைக் குறைக்கும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் டாக்டரைக் கேட்டே தரவேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுவில் பரிசோதனை செய்தவர் எத்தனை பேர்?
2. அடிக்கடி கைகால் வலியால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை நம் ஊரில் உண்டா?
3. அந்தத் தாயோடு ஆஸ்பத்திரிக்குத் துணைபோவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுவோம்.