கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பு

சென்ற ஆண்டு எங்கள் பண்ணையைப் பார்வையிட வந்த உழவர் ஒருவர், கூட்டம் கலைந்த பிறகு தனியே வந்து நின்றார். "ஐயா, மூன்று ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். மகளுக்காக வாங்கிய இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் நாலு செடி உயிரோடு நிற்கமாட்டேன் என்கிறது. மூன்று தடவை வாங்கி நட்டுவிட்டேன். பத்து சிமெண்ட் தொட்டி கட்டி, நீர்ச்செடி வளர்த்து விற்கலாம் என்று கடனுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த நிலையில் அதில் இறங்கலாமா?" என்று கேட்டார்.

அவர் எண்ணியதில் தவறில்லை. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் அலங்கார மீனுடன் நீர்ச்செடிகளும் விற்பனையாகின்றன. ஆனால் ஒரு கண்ணாடித் தொட்டியில் செடியைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளாமல் பத்துத் தொட்டி கட்டுவது, நாற்றங்காலைக் கவனிக்காமல் நடவுக்கு ஆள் கூப்பிடுவது போலாகும். அவருக்குச் சொன்னவற்றையே உங்களுக்கும் இங்கே கூறுகிறேன்.

நீருக்குள் வளர்ந்தாலும் செடி செடிதான். அதற்கு வெளிச்சம் வேண்டும், கரியமிலவாயு வேண்டும், தழை, மணி, சாம்பல் சத்துகளும் நுண்ணூட்டங்களும் வேண்டும். இவற்றுள் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியை நிர்ணயிக்கும். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய இந்த விதி, நெல் வயலுக்குப் பொருந்துவது போலவே கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும். செடி வாடும்போது பலரும் கையில் கிடைத்ததை எல்லாம் கூட்டிப் பார்க்கிறார்கள். குறைவாக இருப்பது எது என்று தேடுவதில்லை.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் விற்கும் நீர்ச்செடிகளில் பல உங்களுக்குப் பழக்கமானவையே. வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் உள்ளது. வரப்போர ஈரத்தில் படரும் நீர்ப்பிரம்மியும், வயலில் களையாக வரும் ஆரைக்கீரையின் இனங்களும் கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக நடப்படுகின்றன. நாடா போன்ற இலை உடைய வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுத் தானே பெருகும். புதிதாகத் தொடங்குவோர் இவற்றில் ஒன்றிரண்டுடன் தொடங்குதல் நலம்.

வயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ செடியை எடுத்தால் உடனே தொட்டியில் இடக்கூடாது. பூச்சி மருந்து தெளித்த வயலின் செடி மீனைக் கொல்லும். நன்றாக அலசி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்பு நீரில் 10 நிமிடம் மூழ்க வைத்து, மறுபடி அலசவும். பிறகு இரண்டு வாரம் தனி வாளியில் வைத்திருந்து, நீரை அடிக்கடி மாற்றி, அதன் பின் நடவும்.

தொட்டியும் அடிமண்ணும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி போதுமானது. அடியில் 2 செ.மீ. உயரத்திற்குச் சலித்த வயல் மண்ணும், அதன் மேல் 4 செ.மீ. உயரத்திற்குக் கழுவிய கரடு மணலும் பரப்பவும். மணல் பருக்கை 2 முதல் 3 மி.மீ. இருக்கலாம். மிக நைசான மணல் இறுகிக் காற்றோட்டத்தைத் தடுக்கும். அப்போது அடிமண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். வடிகால் இல்லாத வயலில் சேற்றைக் கிளறும்போது வரும் அதே நாற்றம்தான் இது. மணலில் சிறிது வினிகரை விட்டால் நுரைத்துப் பொங்குமானால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அதைத் தவிர்க்கவும்.

தொழு உரம் இடவே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக வைத்த தொட்டியில், வயலுக்கு நல்லது தொட்டிக்கும் நல்லதுதானே என்று இரண்டு கை மட்கிய தொழு உரத்தை மணலுக்கு அடியில் போட்டேன். ஒரு வாரத்திற்குள் தண்ணீர் பச்சையாகி நாறியது; மீன்கள் இறந்தன; செடியின் வேர் அழுகியது. மூடிய தொட்டியில் வடிகாலும் இல்லை, கரைந்து போக ஆழமும் இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

நடவு

தண்டுச் செடிகளில் கீழ்க் கணு இரண்டின் இலையைக் கிள்ளி, 2 அல்லது 3 செ.மீ. இடைவெளியில் தனித்தனியாக நடவும். கடையில் கட்டிக் கொடுத்த கட்டோடு நட்டால் நடுத்தண்டுகள் அழுகிவிடும். வாலிஸ்நேரியாவின் வேரை மட்டும் புதைக்க வேண்டும். குருத்து மணலுக்கு மேலே நிற்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா பெரணி போன்றவற்றின் கிழங்குத் தண்டைப் புதைக்கக் கூடாது. கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டவும்.

முதல் நாளிலேயே நெருக்கமாக நடுவது முக்கியம். பயிர் சீக்கிரம் மூடிக்கொண்டால் களைக்கு இடமில்லை அல்லவா? இங்கும் அப்படியே.

நட்ட சில நாளில் பழைய இலைகள் கரைந்து விழக்கூடும். பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு மேலே காற்றில் வளர்த்து விற்கிறார்கள். காற்றில் விட்ட இலை நீருக்குள் நிலைக்காது; செடி நீருக்கேற்ற புதிய இலையை விட வேண்டும். பிடுங்கி நட்ட நாற்று வெளுத்துப் பின் பச்சை கட்டுவது போன்றதே இது. பயந்து பிடுங்கி எறிய வேண்டாம். அழுகிய இலைகளை மட்டும் அகற்றி, மூன்று வாரம் பொறுக்கவும்.

வெளிச்சம்

நாளுக்கு 8 மணி நேர வெளிச்சம் போதும். மேற்சொன்ன தொட்டிக்கு 15 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு போதுமானது. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் தொட்டியை வைத்தால் பாசி பெருகும். இரவு முழுதும் விளக்கு எரிவதால் செடிக்கு நன்மை இல்லை.

கரியமிலவாயுவும் நீரின் தன்மையும்

வயலில் கரியமிலவாயுவைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. காற்று கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. நீருக்குள் நிலைமை வேறு. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே தொட்டியில் பெரும்பாலும் குறைவாக இருப்பது இதுவே.

வேலம்பாசி, வாலிஸ்நேரியா ஆகியவை நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரிச்சத்தை எடுத்துக்கொள்ளும். இறகு போன்ற இலை உடைய கபோம்பாவினால் இது முடியாது. அதற்குக் கரியமிலவாயுவாகவே கிடைக்க வேண்டும். ஆகவே நீருக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும் ஏற்றவை. உவர் நீர் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது.

செயற்கையாகக் கரியமிலவாயு கொடுக்க விரும்புவோர், ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் பங்கு நீர் விட்டு, 150 கிராம் சர்க்கரையும் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டும் சேர்த்து, மூடியில் துளையிட்டுச் சிறு குழாய் வழியே வாயுவைத் தொட்டிக்குள் விடலாம். ஏறக்குறைய இரண்டு வாரம் வாயு வரும். குழாய் அடைபடாமல் பார்க்கவும். அடைபட்டால் புட்டி வெடிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் வாயு மிகுந்துவிட்டது என்று அறிந்து, இரவில் காற்றுக்குழாயை ஓட விடவும். பகலில் அதை ஓட்டினால் கொடுத்த வாயு வெளியேறிவிடும்.

உரம்

செடி நட்டு மூன்று அல்லது நான்கு வாரம் கழித்தே மீன் விடவும். மேற்சொன்ன தொட்டியில் சுமார் 40 லிட்டர் நீர் நிற்கும். அதற்குக் கப்பி போன்ற சிறு மீன்கள் 8 முதல் 10 வரை போதும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. எனவே தழைச்சத்தும் மணிச்சத்தும் மீனுணவு வழியாகவே பெரும்பாலும் கிடைத்துவிடும். யூரியா இடக்கூடாது, அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

குறைவது பெரும்பாலும் சாம்பல்சத்தும் இரும்புச்சத்துமே. இலையைப் பார்த்து அறியலாம்.

1. அடியிலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு.
2. அடியிலைகளில் சிறு துளைகள் விழுந்து, ஓரம் மஞ்சளானால் சாம்பல்சத்துக் குறைவு.
3. குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு.

சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் சல்பேட் 10 கிராமை அரை லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை 25 மில்லி ஊற்றவும். இதில் அரை கிராம் உரம் இருக்கும். இரும்புக்கு அன்னபேதி உதவாது. சுண்ணாம்பு நீரில் அது உடனே படிந்துவிடும். கொடுக்கிணைப்பு இரும்பு உரத்தை, நீர்ச்செடிக்கெனச் சீட்டில் குறித்த அளவில் பாதியில் தொடங்கவும்.

வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றவும். குளோரின் கலந்த குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றவும். எடுத்த நீரைக் காய்கறிப் பாத்திக்கு விடலாம்.

பாசி

பாசியே தொட்டியின் களை. செடி எடுத்துக்கொள்ளாத வெளிச்சத்தையும் சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. பாசி கண்டால் கையால் அகற்றி, வெளிச்சத்தை 6 மணி நேரமாகக் குறைத்து, மீனுணவையும் குறைக்கவும். மயில்துத்தம் இட்டால் பாசியோடு மீனும் இறாலும் செடியும் போய்விடும். மேலும் ஆட்களைக் கொண்டு களையெடுத்தாலும் இடைவெளி விட்டு நட்ட வயலில் களை வந்துகொண்டே இருக்கும். ஆகவே பாசிக்கு நிலையான மருந்து செழித்து வளரும் செடியே.

கழித்த செடியை என்ன செய்வது?

கத்தரித்த தண்டுகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறிய வேண்டாம். ஆகாயத்தாமரை நம் நாட்டிற்கு அழகுச் செடியாக வந்ததே. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் 2020-ஆம் ஆண்டு நீர்ப்பரப்பை இளஞ்சிவப்புப் பூவால் மூடியது கபோம்பாவின் ஓர் இனம். பார்க்கக் கூட்டம் திரண்டது. ஆனால் இது தென்னமெரிக்கச் செடி. பரவிய வாய்க்காலை அடைக்கக் கூடியது. கழித்த செடியை வெயிலில் நன்கு காய வைத்து எருக்குழியில் இடவும்.

முதலில் சொன்ன உழவரிடம் சில கேள்விகள் கேட்டேன். அவர் நட்டது கபோம்பா. நீர், பாத்திரத்தில் படிவு தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். காற்றுக்குழாய் இரவும் பகலும் ஓடியது. செடி வாட வாட விளக்கு நேரத்தைக் கூட்டி, உரத்தையும் கூட்டியிருக்கிறார். குறைவாக இருந்ததோ கரிச்சத்து. கூட்டியதை எல்லாம் பாசி உண்டது. அதே தொட்டியில் வாலிஸ்நேரியாவை நட்டு, விளக்கை 8 மணி நேரமாகக் குறைக்கச் சொன்னேன்; கடன் விண்ணப்பத்தையும் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுச் செடியுடன் வந்தார். எல்லாம் அந்த ஒரு தொட்டியில் ஓடுதண்டு விட்டுப் பெருகியவை. பத்துக்குப் பதில் இரண்டே சிமெண்ட் தொட்டி, அதுவும் கைப்பணத்தில் கட்டி, நிழல்வலை போட்டிருப்பதாகச் சொன்னார். மகள்தான் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறாளாம்.

உழவர் பெருமக்களும் இவ்வாறே முதலில் ஒரு தொட்டியில் வளர்த்துப் பார்த்து, தங்கள் நீரின் தன்மையையும் செடியின் தேவையையும் அறிந்துகொண்ட பின்னரே பணம் முதலிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.