சி நிரலுக்குள் ஒரு நிலா

சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் ஒருமுறை இயந்திர மொழியாக்கிவிட்டால் பிறகு அது மாறாது. வேகத்திற்கு அது நன்மை. அடிக்கடி மாறும் விதிகளுக்கோ தொல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டி அடைப்போருக்கு எண்ணிக்கைப்படி கூலி. அதைக் கணக்கிட ஒரு சி நிரல் எழுதுவதாகக் கொள்வோம். விகிதம் உயரும்போதெல்லாம் மூல நிரலைத் திருத்திக் கம்பைல் செய்வது கணக்குப்பிள்ளைக்கு ஆகிற காரியமா? பழைய விகிதமே நின்றால் நட்டம் அடைப்பவருக்கு.

மாறும் விதிகளை மட்டும் ஒரு சிறு மொழியில் தனிக் கோப்பாக எழுதி, அம்மொழியின் இன்டர்பிரட்டரைச் சி நிரலுக்குள் குடியமர்த்துவதே வழி. இதற்கென்றே வாய்த்த மொழி லுவா. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் ராபர்ட்டோ எருசலிம்ஸ்கி முதலிய மூவர் உருவாக்கியது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. அதுவும் சி மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால் நம் நிரலோடு எளிதில் இணைகிறது.

இரு மொழிகளும் பேசிக்கொள்வது 'ஸ்டாக்' எனும் அடுக்கின் வழியே. கற்பவர் திணறும் இடம் இதுதான். சி மொழியில் ஒரு மாறி எண்ணா, எழுத்தா என்று முன்பே அறிவிக்கவேண்டும்; லுவாவில் அதே மாறி இப்போது எண்ணாகவும் பிறகு சொல்லாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டுவது அடுக்கு. கூலி கணக்கிடும் லுவா சார்பை முதலில் அடுக்கில் வைக்கிறோம். அதன்மேல் பெட்டிகளின் எண்ணிக்கை. பிறகு 'லுவா_பிகால்' என்று அழைக்கிறோம். வைத்த இரண்டும் நீங்கி விடை உச்சியில் நிற்கும். உச்சிக்கு எண் -1. அங்கிருந்து விடையைப் படித்தபின் அதை எடுத்துவிடவேண்டும். இல்லையேல் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கிற்கும் ஒன்றாக அடுக்கு ஏறிக்கொண்டே போகும். 20 இடங்களுக்கே லுவா உறுதி தருகிறது.

'லுவா_கால்' என்றும் ஒன்று உண்டு. எழுதச் சுலபம்தான், ஆனால் கோப்பில் பிழை நேர்ந்தால் முழு நிரலும் நின்றுபோகும். சம்பள நாளன்று அப்படி நின்றால் யாரிடம் சொல்வது? 'பிகால்' பிழைச் செய்தியை மட்டும் அடுக்கில் வைத்துத் திரும்பிவிடும்.

வீட்டுக்காரர் எப்போதும் வெளியே உள்ள நிரல்தான். 2013 முதல் தமிழ் விக்கிப்பீடியாவிலும் லுவா ஓடுகிறது. எவரும் அங்கு எழுதலாம் என்பதால், சர்வரின் கோப்புகளைத் தொடும் வசதி லுவாவுக்குத் தரப்படவில்லை. ஒரு பக்கத்திற்கு 10 வினாடிக்குமேல் ஓடவும் விடுவதில்லை. நம் கூலி நிரலுக்கும் கோப்புகளைத் தொடும் வசதி தேவையில்லை. கணித நூலகம் போதும்.

2015இல் வந்த லுவா 5.3 முதல் முழு எண் தனி வகையாக உள்ளது. ஆதலால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணிலேயே பெருக்கிக் கூட்டினால், தசமப் பின்னத்தால் நேரும் பிசகு கூலியில் ஏறாது.