மின்விசிறி ஓடட்டும், கிடார் பதிவு செய்யலாம்!

மதுரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பதிவு செய்வது தண்டனைதான். எலெக்ட்ரிக் கிடார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கம்பியின் அதிர்வை, காந்தமும் செம்புச் சுருளும் கொண்ட பிக்கப் மின்சாரமாக மாற்றிவிடுகிறது. மைக் தேவையில்லை, விசிறிச் சத்தமோ ஆட்டோ ஹாரனோ பதிவாகாது.

கம்ப்யூட்டரின் மைக் துளையில் கிடாரைச் செருக வேண்டாம். கன்வெர்ட்டர் பின் டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கும்தான். ஆனால் ஒலி மங்கிவிடும். 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று எழுதிய துளையுள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். 2000-ல் வெளிவந்த ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் இன்டர்ஃபேஸையும் மோனோவையும் தேர்வு செய்து, சிவப்புப் பொத்தானைக் கிளிக் செய்யுங்கள். பலமாக மீட்டினாலும் அளவு -6 டெசிபலைத் தாண்டக் கூடாது.

'உம்ம்' என்று இரைகிறதா? நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையையும் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்கவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர், இரட்டைச் சுருள் கொண்ட 'ஹம்பக்கர்' பிக்கப்புக்கு 1955-ல் காப்புரிமை கோரினார். உங்கள் கிடாரில் ஒற்றைச் சுருள் என்றால், உட்கார்ந்தபடியே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். 'ஜிர்ர்' என்றால் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலையாக இருக்கலாம். விசிறியை முழு வேகத்தில் வையுங்கள், பெரும்பாலும் குறைந்துவிடும். (காற்றும் கூடுதலாக வரும்!)

லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் மறைகிறதா? கோளாறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். கிடார் கம்பிகள் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கின்றன. உங்கள் விரல்கள் அந்தக் கம்பிகளின் மேல் இருக்கின்றன.